மரபணு ஆர்டர் போட்டேன், கேள்வி கேட்டார்கள்

ஆமணக்கு ஆய்வகத்தில் 11 வருடமாக வேலை செய்கிறேன். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கை வயலுக்கு உரமாகப் போடலாம், மாட்டுக்கு வைக்க முடியாது. விதையில் இருக்கும் ரிசின் அப்படிப்பட்ட நஞ்சு. அது குறைவாக உள்ள ரகத்தைத் தேடுகிறோம். எங்கள் சோதனையைச் சரிபார்க்க ரிசின் மரபணுவில் ஒரு சின்னத் துண்டு, சுமார் 400 டிஎன்ஏ எழுத்து, செயற்கையாகச் செய்து வாங்க வேண்டியிருந்தது. அந்தத் துண்டை வைத்து நஞ்சு உண்டாக்க முடியாது.

டிஎன்ஏ செய்து தரும் நிறுவனத்தின் தளத்தில் அந்த எழுத்து வரிசையை ஒட்டியதுமே ஆர்டர் நின்றுவிட்டது. மறுநாள் காலை ஒரு பெண் போன் செய்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க, இது எதுக்குன்னு சொல்ல முடியுமா?" சொன்னேன். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், உயிர்ப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி, பொருள் வந்து சேரும் முகவரி எல்லாம் கேட்டார். என் மின்னஞ்சல் எங்கள் ஆய்வகத்துடையதுதானா என்றும் பார்த்தார்கள். 9 நாள் தாமதம். என் மாணவனுக்கு எரிச்சல். எனக்கோ நிம்மதி.

ஏனென்றால் ரிசின் மரபணுவின் வரிசை பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை மூடிவைத்தால் எங்களைப் போன்றவர்களின் வேலை நின்றுபோகும். 2002-ல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் எக்கார்ட் விம்மர் குழுவினர், வெளியாகியிருந்த வரிசையையும் தபாலில் வாங்கிய டிஎன்ஏ துண்டுகளையும் வைத்தே போலியோ வைரஸைச் செய்து காட்டினார்கள். அப்புறம் கனடாவில் டேவிட் எவன்ஸ் குழு குதிரை அம்மை வைரஸை இதே மாதிரி உருவாக்கியது. பெரியம்மையின் உறவுக்கார வைரஸ் அது. அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. எழுத்து வெளியே வந்துவிட்டது. அதைப் பொருளாக்கித் தருபவர்தான் வாசலில் நிற்கிறார். பெரிய நிறுவனங்கள் சில 2009-ல் தாமாகவே கூடி, ஆபத்தான வரிசையா, கேட்பவர் யார் என்று ஆர்டர்களைச் சலித்துப் பார்க்க ஒத்துக்கொண்டன. எல்லாரும் அதில் இல்லை.

பொருள் சுத்தமாக வந்தது. குழாயின் அடியில் ஒன்றுமே இல்லாத மாதிரி, வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரியும் வெள்ளைப் படலம். சுழற்றிவிட்டுத் திறக்கச் சொல்லி மூடியில் ஒட்டியிருந்தார்கள். வரிசையைப் படித்துப் பார்த்தோம், ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. விலை கொஞ்சம் அதிகம்தான்.

போன வருடம் இதே துண்டை வேறொரு இடத்தில் வாங்கினோம். ஒரு கேள்வி இல்லை, 4 நாளில் கூரியர் வந்தது. அன்று சந்தோஷப்பட்டேன், இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு பெயரையுமே இங்கே எழுதவில்லை. இங்கே டிஎன்ஏ செய்து தருபவர்கள் சிலர்தான், ஒன்றைச் சொன்னால் மற்றதை ஊகித்துவிடலாம். எங்கே கேட்க மாட்டார்கள் என்பதை நான் இணையத்தில் போடக்கூடாது.

கேள்வி கேட்காத அந்த இடத்துக்கு மட்டும் கடிதம் எழுதினேன், ஆர்டர்களைச் சலிக்கிறீர்களா என்று. 6 வாரமாகிறது, பதில் இல்லை.