மதுரையில் ஒரு நாள்: கோயில் காலையிலா, மாலையிலா?

மதுரைக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைத்திருக்கிறது என்றால், முதலில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீனாட்சி அம்மன் கோயில் மதியம் 12:30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் மறுபடி திறக்கும். இடையில் உள்ள அந்த மூன்றரை மணி நேரம்தான் அன்றைய பொழுதை முடிவு செய்கிறது. கோயிலைக் காலையில் வைத்தும் போயிருக்கிறேன், மாலையில் வைத்தும் போயிருக்கிறேன்.

காலையில் கோயில் என்பது விடியற்காலை ரயிலில் வந்து இறங்குபவர்களுக்குத் தோது. ஸ்டேஷனிலிருந்து டவுன்ஹால் ரோட்டில் நேரே நடந்தால் மேலக் கோபுரம். ஐந்து மணிக்கெல்லாம் நடை திறந்துவிடும், கல்தரை குளிர்ச்சியாக இருக்கும், கூட்டமும் அவ்வளவாக இருக்காது. வயதானவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் யோசிக்காமல் இதையே சொல்வேன். வெயிலில் சுடும் கல்லில் வெறுங்காலோடு நடப்பது அவர்களுக்குப் பெரும்பாடு.

ஆனால் நேரம் போகப் போகக் கூட்டம் சேரும். நடை சாத்திவிடுவார்களே என்ற பரபரப்பும் சேர்ந்துகொள்ளும். முதல் தடவை ஆயிரங்கால் மண்டபத்தை அந்த அவசரத்தில்தான் பார்த்தேன். பெயர் ஆயிரம் என்றாலும் அங்கே இருப்பவை 985 தூண்கள். அவற்றில் நாலைந்தைக்கூட நான் நின்று பார்க்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அப்புறம் உச்சி வெயிலில் திருமலை நாயக்கர் மகாலுக்கு நடந்தோம்.

அடுத்த முறை மாற்றிப் போட்டேன். காலையில் முதல் வேலையாக மகால். 1636-இல் கட்டிய அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது கால்வாசிதான் என்பார்கள். திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் பலவற்றைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்விட்டார். மிஞ்சிய அந்தப் பங்கே கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வைக்கிறது. வெளியே வந்து துணிக்கடைகளுக்கு நடுவே பத்துத் தூணைத் தேடிப் பாருங்கள். அதே அரண்மனையின் தூண்கள், சந்துக்குள் தனியாக நிற்கின்றன. மகாலைப் பார்த்த கையோடு இவற்றைப் பார்த்தால்தான் பழைய அரண்மனை எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்று புரியும்.

பக்கத்திலேயே விளக்குத்தூண். 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்த கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்தது. இன்றைய வெளிவீதிகள் அந்த இடத்தில் உருவானவைதான். ஜிகர்தண்டாவும் இங்கேயே குடித்துவிடலாம். மகால், பத்துத் தூண், விளக்குத்தூண் மூன்றையும் நடந்தே பாருங்கள். ஆட்டோவில் போனால் சந்துகள் கண்ணில் படாது.

காந்தி அருங்காட்சியகத்தை இதில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் நல்ல இடம்தான், ஆனால் வைகைக்கு அந்தப் பக்கம். ஒரு நாளில் வேண்டாம். 1921 செப்டம்பர் 22-இல் காந்தி அரையாடைக்கு மாறிய வீடு மேல மாசி வீதியிலேயே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மதியம் சாப்பிட்டு, அறையில் கொஞ்சம் படுத்து எழுந்து, நாலு மணிக்குக் கோயில். செல்போனை உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிடுங்கள். படம் எடுக்க மகாலும் வீதிகளும் காலையிலேயே கிடைத்துவிட்டனவே. வெளிச்சம் இருக்கும்போதே ஆயிரங்கால் மண்டபம், பிறகு இருட்டும் வரை பொற்றாமரைக் குளத்துப் படிகள். எதிரே தெற்குக் கோபுரம் மெல்ல நிறம் மாறுவதைப் பார்க்க எந்த அவசரமும் இல்லை. ஒன்பது மணியை ஒட்டிப் பள்ளியறை பூஜை. சிவனான சொக்கநாதரின் திருப்பாதங்களைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். மேளமும் தூபப் புகையும் சூழ அந்தப் பல்லக்கு கடந்துபோகும்போது நான் அழுதுவிட்டேன். காலையில் போனால் இது கிடையாது.

அதனால் என் ஓட்டு மாலைக்குத்தான். ஊர் திரும்பும் வண்டி இரவு பத்துக்கு முன்னால் என்றால் மட்டும் காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுங்கள்.