செட்டிநாட்டுக் கொட்டான்: வாங்குமுன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

காரைக்குடி வட்டாரத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முடைந்து விற்கும் கொட்டான்களை, அதாவது சாயமிட்ட பனையோலைச் சிறு கூடைகளைப் பற்றிய மதிப்பீடு இது. கல்யாணத்தில் வெற்றிலை பாக்கும் மஞ்சளும் வைத்துக் கொடுக்க நகரத்தார் வீட்டு ஆச்சிமார் வீட்டிலேயே முடைந்த பொருள். இன்று புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குக் கைக்காசு.

பனங்குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்துத்தான் முடைகிறார்கள். அகலம் கூடிக் குறைந்தால் அடிப்பக்கம் இடைவெளி விடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரிந்துவிடும். ஈரத்துணியால் துடைத்துப் பதமாக்காமல் மடக்கிய ஓலை விளிம்பில் வெடிக்கும். உட்புறம் விரலை ஓட்டிப் பாருங்கள்: ஓலை முனை இரண்டு மூன்று பின்னலுக்குள் செருகியிருக்க வேண்டும். ஒட்ட நறுக்கியிருந்தால் சீக்கிரம் பிரியும்.

முடைவில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிவப்புச் சாயம்தான் சில சமயம் கையில் ஒட்டுகிறது. கொதி போதாமலும் கடைசியில் அலசாமலும் விட்டால் அப்படித்தான். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடிக்கும். நிழலில் காற்றாட வைத்தால் போதும், நேர் வெயிலில் நிறம் வெளுத்துவிடும்.

பேரம் பேசாதீர்கள். ஓலை விலையும் சாய விலையும் குறையாது, குறைவது முடைகிறவரின் கூலிதான். அந்தக் கூலியும் கொட்டான் கணக்கில்தான், மணிக்கணக்கில் இல்லை. அடுப்படி வேலைக்கு நடுவே, ஓலை விளிம்பு விரலைக் கிழிக்க முடைவதைப் பொழுதுபோக்கு என்று சொல்லி விலை குறைப்பது அநியாயம்.

இடைத்தரகரை விட்டுக் குழுவிடமே வாங்குவதில் ஒரு நன்மை உண்டு: விற்ற காசு உறுப்பினர் கைக்கே வந்தால் சேமிப்பும் தவணையும் தவறாது. கூட்டம், சேமிப்பு, குழுவுக்குள்ளே கொடுக்கும் உள்கடன், தவணை, கணக்குப் புத்தகம் ஐந்தும் ஒழுங்காக இருந்தால் ஆறு மாதத்துக்குப் பின் குழு வங்கிக் கடன் கேட்கலாம். 20 லட்சம் ரூபாய் வரை பிணை கிடையாது. வீட்டுப் பத்திரம் ஆண் பெயரில் இருக்கும்போது, பெண்ணின் கைக்கு எட்டுவது இந்தக் கடன்தான். பெண் வாங்கிய கடனை வீட்டு ஆண் செலவழிப்பதும் நடக்கிறது. ஆகவே கூலி முடைந்தவரின் சொந்தக் கணக்கில் ஏறுகிறதா என்று கேட்டுவிட்டே பணம் கொடுங்கள்.

தை முகூர்த்தத்துக்கு 100 கொட்டான் வேண்டுமென்றால் புரட்டாசியிலேயே சொல்லி, பாதிப் பணம் கொடுத்துவிடுங்கள். முன்பணம் இல்லாவிட்டால் ஓலைக்கும் சாயத்துக்கும் அவர்கள் வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். மூடியோடு ஒரு மாதிரிக் கொட்டானை முதலில் வாங்கி அளந்து வைத்துக்கொண்டால், மூடி சேரவில்லை என்ற தகராறு வராது.