உம்பளச்சேரி மாடும் நரிமணம் எண்ணெயும்: டெல்டாவில் ஒரு மரபுப் பயணச் சேவை

திருவாரூரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும்படி உள்ளூர் இளைஞர் சிலர் நடத்தும் மரபுப் பயணச் சேவையில் குடும்பத்தோடு சென்று வந்தேன். கோயில் சுற்றுலாவுக்குப் பஞ்சமில்லாத காவிரி டெல்டாவில், கால்நடையையும் எண்ணெய்க் கிணறுகளையும் ஒரே பாதையில் காட்ட வேண்டும் என்று நினைத்ததற்காகவே இவர்களைப் பாராட்ட வேண்டும். வேன் வசதியாக இருந்தது, கட்டணமும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். மதியச் சாப்பாடு சுமார்தான்.

பயணம் தியாகராசர் கோயிலை அடுத்துள்ள கல்தேரில் தொடங்குகிறது. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழன் கதையை அறியாதவர் இங்கு இல்லை என்பதால், வழிகாட்டி அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் திருத்துறைப்பூண்டிச் சாலையில் வண்டியை விடச் சொன்னது சரியான முடிவு. கொருக்கை அரசு கால்நடைப் பண்ணைக்கு முன் அனுமதி வாங்கி வைத்திருந்தார்கள். அங்கு உம்பளச்சேரி இனத்தை மந்தையாகப் பார்க்கலாம். ஆனால் அந்த மாட்டை உண்மையில் அறிந்துகொள்வது தலைஞாயிறு ஒன்றியத்தில் உள்ள உம்பளச்சேரியில், அதை வைத்து வாழ்ந்தவர்களின் வீட்டுக் கொல்லையில்தான்.

அங்கு ஒரு பெரியவர் தம் காளையைப் பிடித்து நிறுத்தி, நெற்றியில் உள்ள வெள்ளைச் சுட்டியையும் கால்களின் வெள்ளையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பக்கத்தில் கட்டியிருந்த இளங்கன்று செம்பழுப்பாக இருந்ததைக் கண்டு என் மகள் அது வேறு இனமோ என்று கேட்க, பிறக்கும்போது எல்லாம் இந்த நிறம்தான், சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும் என்று விளக்கினார். காளைகளின் கொம்பைத் தீய்த்துவிடும் பழைய வழக்கத்தால் இவற்றுக்கு மொட்டை மாடு என்ற பெயரும் உண்டு. கொம்பு இருந்த இடத்தில் இப்போது மழமழப்பான ஒரு தழும்பு மட்டுமே இருக்கிறது. குள்ளமான உடலும் உறுதியான கால்களும் கொண்ட இந்த மாடு களிமண் சேற்றில் நாள் முழுக்க உழுவதற்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்டது. இதன் உடற்கட்டுக்குக் கடலோர உவர் நிலத்தில் விளையும் உப்பு அருகை மேய்வதே காரணம் என்பது இப்பகுதியினர் கருத்து. “சேத்துல எறங்குனா டிராக்டர் பொதையும் தம்பி, இது பொதையாது” என்று பெரியவர் சொன்னபோது அவர் குரலில் இருந்த பெருமையை எந்தப் பலகையிலும் எழுதி வைக்க முடியாது. பால் குறைவு என்பதாலும் உழவுக்கு இயந்திரம் வந்துவிட்டதாலும் இந்த இனம் வீடுகளிலிருந்து மறைந்து வருவதை அவர் மறைக்காமல் சொன்னார்.

அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் வழக்கத்தையும் நன்றாகவே விளக்கினார்கள். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள் ஆட்டு மந்தைகளை ஓட்டி வருவதும், இரவில் வயலில் ஆடுகளை அடைத்து நிலத்துக்கு உரம் சேர்ப்பதும், அதற்கு நிலக்காரர் நெல்லாகவோ பணமாகவோ கூலி கொடுப்பதும் இந்த மண்ணின் பொருளாதார வரலாற்றில் முக்கியமான பகுதி. மேய்ச்சல் என்றதும் வறண்ட நிலத்தை மட்டுமே நினைப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கும்.

பிற்பகலில் எண்ணெய்ப் பகுதிக்கு வந்ததும் பயணத்தின் தரம் இறங்கிவிடுகிறது. அடியக்கமங்கலம் அருகே சாலையோரம் நிறுத்தி, நெல்வயலுக்கு நடுவே கம்பிவேலிக்குள் சரளை கொட்டிய மேடையையும் அதன் மேல் நிற்கும் வால்வுகளையும் காட்டினார்கள். பிறகு நரிமணம், பனங்குடி. வழியெல்லாம் 2010-இல் மன்னார்குடி மீத்தேன் திட்டத்துக்குப் போடப்பட்ட ஒப்பந்தம், அதை எதிர்த்து இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் தம் இறுதி நாட்கள் வரை நடத்திய பிரசாரம், 2017-இல் கதிராமங்கலத்தில் குழாய் உடைந்து எண்ணெய் கசிந்தது, 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் ஆகியவற்றைச் சொன்னார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் சொல்லப்பட வேண்டியவை. அந்தச் சட்டம் புதிய துரப்பணத்தைத்தான் தடுக்கிறது, முன்பே நடந்துவந்த பணிகளைத் தொடவில்லை என்பதையும் தெளிவாகவே விளக்கினார்கள்.

ஆனால் டெல்டாவின் எண்ணெய் வரலாறு 2010-இல் தொடங்கவில்லை. 1960-களிலேயே காரைக்கால் பக்கம் துளையிட்டுத் தேடினார்கள். 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-இல் பனங்குடியில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறன் கொண்ட சுத்திகரிப்பு ஆலை வந்தது. கோவில்களப்பாலிலும் குத்தாலத்திலும் இந்த மண்ணின் எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள். பனங்குடியில் 90 லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலைக்கு 2021-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இவற்றில் பெரும்பாலானவை வழிகாட்டியின் பேச்சில் இடம்பெறவே இல்லை. துளையிடும் ரிக் வந்து நின்ற நாளையும், இரவெல்லாம் விளக்கெரிந்த வயலையும், நிலத்துக்குக் குத்தகை பேசியதையும், ஒப்பந்தக் கூலியாக வேலைக்குப் போனதையும் நினைவில் வைத்திருப்பவர்கள் இந்த ஊர்களில் வாழ்கிறார்கள். உம்பளச்சேரியில் ஒரு பெரியவரைப் பேசவைத்தவர்கள், நரிமணத்திலும் ஒருவரைப் பேசவைத்திருக்க வேண்டும். எண்ணெயை எதிர்ப்பவர்களுக்கும்கூட அந்தச் சாட்சியம் தேவை. மாட்டை மரபாகவும் எண்ணெயைச் சர்ச்சையாகவும் மட்டும் காட்டுவது, ஒரே வயலின் இரண்டு காலங்களில் ஒன்றைப் பாதியில் நிறுத்துவதாகும்.

இந்தக் குறையோடும் இது போக வேண்டிய பயணம்தான். பள்ளிப் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கிடையை நேரில் பார்க்க விரும்புபவர்கள் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும் மாசி, பங்குனியில் முன்பதிவு செய்வது நல்லது. மழைக்காலத்தில் உம்பளச்சேரிப் பக்கத்துக் கிராமச் சாலைகளில் வேன் போவது சிரமம் என்பதால் ஐப்பசி, கார்த்திகையைத் தவிர்க்கலாம்.