யூக்ளிட் முதல் விரைவு வெளியீடு: புதுச்சேரி வீட்டுக் கணினியில் சில மாதங்கள்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் யூக்ளிட் தொலைநோக்கி எடுத்த வான் அளவாய்வுத் தரவுகளின் முதல் தவணை 2025 மார்ச் 19 அன்று பொதுவெளியில் வைக்கப்பட்டது. ‘விரைவு வெளியீடு 1’ என்று பெயரிடப்பட்ட இந்தத் தொகுப்பை, லாஸ்பேட்டையில் பள்ளி மாணவர்களுக்காக நாங்கள் சிலர் நடத்தும் வார இறுதி வானியல் வகுப்பில் பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு மதிப்புரை எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். விலை இல்லாவிட்டாலும் நம் நேரம், இணைய அளவு, வன்தட்டில் உள்ள இடம் ஆகிய மூன்றையும் இது தாராளமாக எடுத்துக்கொள்கிறது என்பதால், எதை எடுக்கலாம், எதை விடலாம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

தொகுப்பின் அளவு முதலில் மலைக்க வைக்கும். மங்கலானவையும் தெரியும்படி நோக்கத் தேர்ந்தெடுத்த மூன்று வான்பகுதிகள், அதாவது வடபுலம், தென்புலம், ஃபோர்னாக்ஸ் புலம் என்ற ‘ஆழ்வெளிப் புலங்கள்’, சேர்ந்து 63 சதுரப் பாகை. அதில் ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் கேலக்ஸிகள். மொத்தத் தரவு 35 டெராபைட். இத்தனையும் ஏறக்குறைய ஒரு வார நோக்கல்தான், ஒவ்வொரு புலமும் ஒரே ஒரு முறை துழாவப்பட்டதன் விளைவு. திட்டம் முடிவதற்குள் இதே புலங்களை 30 முதல் 52 முறை வரை திரும்பத் திரும்ப நோக்கப் போகிறார்கள். ஆறு ஆண்டுகளில் அளக்கவிருக்கும் வானப் பரப்பு மொத்தம் 14,000 சதுரப் பாகை என்பதால், நமக்கு இப்போது தந்திருப்பது அதில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. கடைக்காரர் உள்ளங்கையில் வைக்கும் மாதிரிக் கல்கண்டு போலத்தான் இது, ஆனால் அந்த ஒரு துண்டே என் மடிக்கணினியால் தாங்க முடியாத அளவில் இருக்கிறது.

பொருளின் உண்மையான தரம் அதன் கூர்மையில் இருக்கிறது. 1.2 மீட்டர் ஆடியும், 36 உணரிகள் கொண்ட 60 கோடி பிக்சல் ஒளிப்படக் கருவியும் சேர்ந்து, ஒரு பிக்சலுக்கு 0.1 வில்விநாடி என்ற நுணுக்கத்தில் படம் தருகின்றன. ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. இந்த ஊரில் இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வரும். 1689 டிசம்பரில், ஒரு வால்மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ழான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார், புதுச்சேரியில் இருந்தபடியே ஆல்ஃபா சென்டாரி உண்மையில் இரண்டு விண்மீன்கள் என்று பிரித்துக் கண்டார். ஒன்றாகத் தெரிவதை இரண்டாகப் பிரித்துக் காட்டுவதுதான் அன்றும் இன்றும் ஒரு தொலைநோக்கியின் தகுதி. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், காற்று மண்டலத்தின் நடுக்கம் எட்டாத இடத்தில் இருந்துகொண்டு, யூக்ளிட் அந்த வேலையை ஒரே நேரத்தில் முழு நிலவைவிடப் பெரிய பரப்பில் செய்கிறது. ஹப்பிள் இதைவிடக் கூர்மையாகப் பார்க்கும், ஆனால் ஒரே பார்வையில் இவ்வளவு அகலமாகப் பார்க்காது.

பயன்படுத்திப் பார்க்க விரும்புகிறவர்கள் ஈசாஸ்கை என்ற இணைய வழி வான்வரைபடத்தில் தொடங்குவது நல்லது. கணக்கும் கடவுச்சொல்லும் கேட்காது, கைப்பேசியிலேயே திறக்கும், விரல்களால் பெரிதாக்கிக்கொண்டே போகலாம். வடபுலத்தில் பூனைக்கண் நெபுலாவில் தொடங்கி, அதன் அருகே ஒன்றுமில்லாததாகத் தோன்றும் இருட்டைப் பெரிதாக்கப் பெரிதாக்க, சுருள் கேலக்ஸிகளும் விளிம்பு மட்டும் தெரியும் கேலக்ஸிகளும் ஒவ்வொன்றாக வெளிப்படுவதைப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்தார்கள். வகுப்புக்கு மட்டும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தரவுக் கோப்பையே இறக்கிப் பார்ப்பது வேறு அனுபவம். யூக்ளிட்டின் அறிவியல் காப்பகத்திலும், நாசாவின் அகச்சிவப்பு அறிவியல் காப்பகத்திலும் இது கிடைக்கிறது. வானத்தைச் சதுரத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டின் பக்கம் 32 வில்நிமிடம், அதாவது முழு நிலவு ஏறத்தாழ அப்படியே பொருந்தும் அளவு. பக்கத்துக்கு 19,200 பிக்சல் என்பதால், ஒரு துண்டை முழு நுணுக்கத்தோடு பார்க்க என் திரையைப் போல 180 திரைகள் வேண்டும். கோப்பு ஒன்று ஏறத்தாழ ஒன்றரை ஜிகாபைட். எங்கள் தெரு இணைப்பில் முதல் கோப்பு 90 விழுக்காட்டில் இரண்டு முறை அறுந்தது. மூன்றாம் முறை இரவு 2 மணிக்கு வைத்துவிட்டுப் படுத்தேன். முழுத் துண்டு வேண்டாதவர்கள், தேவையான சிறு பகுதியை மட்டும் வெட்டித் தரும் வசதியைப் பயன்படுத்தலாம். அந்த வசதி இருப்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிய வந்தது. ஆங்கிலக் கையேட்டில் அது இருந்தது. அந்தக் கையேடு ஆராய்ச்சியாளர் மற்றோர் ஆராய்ச்சியாளருக்கு எழுதியது போல இருந்ததால் நான் அதுவரை படிக்கவில்லை.

கோப்பைத் திறந்ததும் திரை முழுக்கக் கறுப்பாக இருக்கும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். இவை ஃபிட்ஸ் வடிவக் கோப்புகள். படம் என்பதைவிட எண்களின் அட்டவணை என்பதே பொருந்தும். ஒரு சில பிரகாசமான விண்மீன்களின் எண்கள் மிகப் பெரியவை, மற்ற அனைத்தும் மிகச் சிறியவை என்பதால், சாதாரண அளவுகோலில் மங்கலானவை எதுவும் தெரியாது. டிஎஸ்9 என்ற இலவச மென்பொருளில் அளவுகோலை மடக்கை முறைக்கு மாற்றினால் போதும், இருட்டிலிருந்து ஆயிரக்கணக்கான புள்ளிகள் எழுந்து வரும். செய்திகளில் வந்த அழகான வண்ணப் படங்களைவிட இந்தச் சாம்பல் நிறப் படமே எனக்கு அதிகம் பிடிக்கிறது, ஏனெனில் இதில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் நாமே அளக்கலாம்.

வண்ணத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு யூக்ளிட்டில் ஒரே ஓர் அகன்ற வடிகட்டிதான், 550 முதல் 900 நானோமீட்டர் வரை. மற்ற மூன்றும் அகச்சிவப்பு. வண்ணப் படம் வேண்டுமென்றால் காட்சி ஒளிப் படத்தை நீலமாகவும் அகச்சிவப்பைப் பச்சை, சிவப்பாகவும் வைத்து நாமே கலக்க வேண்டும். அகச்சிவப்புக் கருவியின் பிக்சல் 0.3 வில்விநாடி என்பதால் அந்த நிறம் சற்றுக் கசிந்து நிற்கும். இது குறை என்று சொல்வது முறையாகாது. கேலக்ஸிகளின் உருவச் சிதைவை அளந்து ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் உணரப்படும் கரும்பொருளின் பரவலைக் கண்டறியச் செய்யப்பட்ட கருவியிடம் நாட்காட்டிப் படம் கேட்பது நம் தவறுதான்.

உண்மையான குறைகள் வேறு. பொருள்களின் அட்டவணையில், அருகிலுள்ள பெரிய சுருள் கேலக்ஸி ஒன்றின் கைகளைத் தனித்தனிப் பொருள்களாக எண்ணி வைத்திருப்பதைக் கண்டோம். அட்டவணையை நம்பி எண்ணிக்கைப் பயிற்சி கொடுப்பவர்கள் படத்தையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது பிரகாசமான விண்மீன்களைச் சுற்றி வரும் போலி உருவங்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி “சார், வளையம்!” என்று கத்தியபோது, ஈர்ப்பு வில்லை (முன்னிருக்கும் கேலக்ஸியின் ஈர்ப்பு, பின்னிருக்கும் கேலக்ஸியின் ஒளியை வளைத்து வளையம் போலக் காட்டுவது) ஒன்று கிடைத்துவிட்டது என்று வகுப்பே கூடிவிட்டது. இந்த வெளியீட்டிலிருந்து ஏறத்தாழ 500 வில்லைகள் உத்தேசமாக அடையாளம் காணப்பட்டிருக்கின்றன என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் வளையம் மிகப் பெரிதாக இருந்தது, நடுவில் கேலக்ஸி இல்லை, சற்றுத் தள்ளி ஒரு பிரகாசமான விண்மீன் இருந்தது. அகச்சிவப்புப் படத்தில் அதே இடத்தில் வளையமே இல்லை. கருவிக்குள் பட்டுத் தெறித்த ஒளி என்று விளக்கிய பிறகு அவள் முகம் வாடிவிட்டது; ஆனால் அடுத்த வாரமே மூன்று போலி வளையங்களைத் தானாகக் கண்டுபிடித்துப் பட்டியலிட்டுக்கொண்டு வந்தாள். கேலக்ஸிகளை வகைப்படுத்தும் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுத்தவர்களும் இவளைப் போன்ற 9,976 தன்னார்வலர்களே என்பதை அப்போது சொன்னேன்.

எந்தப் புலத்தை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: மூன்றுமே நம் ஊர் வானில் எழுபவை. வடபுலம் உச்சத்தில் சுமார் 36 பாகை உயரம் வரும், தென்புலம் 30 பாகைதான். ஃபோர்னாக்ஸ் புலம் 50 பாகை வரை ஏறும் என்பதால் அதையே பரிந்துரைப்பேன். ஐப்பசி, கார்த்திகை மழை மேகத்தில் எதுவும் தெரியாது. தை மாதத்து முன்னிரவில் அது தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும். கடற்கரைச் சாலையின் விளக்கொளியில் முயல வேண்டாம். சென்ற தையில் பாகூர் ஏரிக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, வெறும் கண்ணுக்கு ஒரு விண்மீன்கூடச் சரியாகத் தெரியாத அந்த இடத்தை முதலில் காட்டினேன். பிறகுதான் மடிக்கணினியைத் திறந்து, முன்பே இறக்கி வைத்திருந்த ஒரே ஒரு துண்டை விரித்தேன்.