எழுத்துக் கூட்டலா, காதால் வாசிப்பா?

அறிவுக்கூர்மை இருந்தும் எழுத்தை வாசிக்கத் தடுமாறும் டிஸ்லெக்சியா என்ற நிலையோடு வளர்ந்து, பள்ளிப் பருவம் கடந்த பிறகு வாசிக்கப் பழக விரும்பும் ஒருவருக்கு மூன்று வழிகள் பரிந்துரைக்கப்படுகின்றன. ஒலியையும் எழுத்தையும் படிப்படியாக இணைத்துக் கற்பிக்கும் பயிற்சி ஒன்று. எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் செயலி மற்றொன்று. கண்ணுக்கு இதமானவை என்று சொல்லப்படும் தனி எழுத்துருக்களும் வண்ணக் கண்ணாடிகளும் மூன்றாவது. இவற்றில் மூன்றாவதை முதலிலேயே பேசி ஒதுக்கிவிடலாம், ஏனெனில் உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

எழுத்துருவும் வண்ணமும் உதவும் என்ற நம்பிக்கை, டிஸ்லெக்சியா கண்ணின் கோளாறு என்ற பழைய எண்ணத்திலிருந்து வருகிறது. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், அறிவுக்கூர்மை இருந்தும் வாசிக்க முடியாத 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதியபோது, அந்நிலையைப் பிறவிச் சொற்குருடு என்றே குறிப்பிட்டார். பெரும்பாலானோருக்குச் சிக்கல் பார்வையில் இல்லை, சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்துவதில்தான் இருக்கிறது என்பது பின்வந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. வண்ணக் கண்ணாடிகளுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2009-இல் கண் மருத்துவ அமைப்புகளோடு சேர்ந்து அறிவித்தது. தனி எழுத்துருக்களோ, ஒன்றன் கண்ணாடிப் பிம்பம்போல் மற்றொன்று இருக்கும் b, d போன்ற லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்து உருவானவை. அந்தக் குழப்பம் தமிழில் அவ்வளவாக இல்லை. எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி, வரிகளுக்கிடையே இடம் விட்டுப் படிப்பது பலருக்கு வசதியாக இருக்கும். அதற்குக் கைப்பேசியின் அமைப்புகளே போதும், காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

எழுத்துக்கூட்டும் பயிற்சியின் வேர், நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்காமும் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த முறையில் இருக்கிறது. ஓர் எழுத்தைப் பார்த்து, அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்லி, அதே நேரத்தில் கையால் எழுதி, அது படிந்த பிறகே அடுத்ததற்குப் போவது அதன் சாரம். இது குழந்தைகளுக்கு மட்டுமே பயன்படும் என்று நினைப்பவர்களுக்கு 2004-இல் நரம்பியல் ஆய்வாளர் கினிவியர் ஈடன் குழுவினர் வெளியிட்ட ஆய்வைச் சுட்டலாம். டிஸ்லெக்சியா உள்ள பெரியவர்கள் 8 வாரங்கள் ஒலிசார்ந்த தீவிரப் பயிற்சி பெற்றபின் அவர்களுடைய வாசிப்பு மேம்பட்டது. மூளைச் செயல்பாட்டிலும் மாற்றம் தெரிந்தது.

தமிழில் இப்பயிற்சிக்குச் சாதகமும் உண்டு, சங்கடமும் உண்டு. எழுதியபடியே பெரும்பாலும் ஒலிக்கும் மொழி என்பதால், ஆங்கிலத்தைப்போல் விதிவிலக்குகளை மனப்பாடம் செய்யவேண்டிய சுமை குறைவு. ஆனால் ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ’ என்பதில் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. கடல், தங்கம், அகம் ஆகிய மூன்றிலும் ‘க’ என்ற ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிறது. சரளமாக வாசிப்பவர் கவனிக்காமலே தாண்டிப்போகும் இடங்கள் இவை.

பெரியவர்களிடம் இன்னொரு தடை உண்டு. பல ஆண்டுகளாக ஊகித்தே சமாளித்திருப்பார்கள். நான் அருகில் அமர்ந்து பார்த்த ஒருவர், ‘செலுத்தப்படவில்லை’ என்ற சொல்லை நொடியில் ‘செலுத்தப்பட்டது’ என்று வாசித்தார். தொடக்கத்து எழுத்துகளும் ஏறக்குறைய நீளமும் அவருக்குப் போதுமாக இருந்தன. தமிழில் காலமும் எதிர்மறையும் சொல்லின் வாலில்தான் இருப்பதால், இந்த ஊகம் பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது. ‘பெகடு’, ‘தோபில்’ போன்ற பொருளற்ற சொற்களை வாசிக்கச் சொல்வது இதற்காகத்தான்: ஊகிக்க அங்கே எதுவும் இல்லை. வளர்ந்த மனிதருக்கு இது கூச்சத்தைத் தரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பலன் மெதுவாகவே வரும். பிழைகள் குறைந்த பிறகும் வேகம் பலருக்குக் குறைவாகவே இருந்துவிடும்.

குரல் செயலியின் வலிமை இந்த இடத்தில்தான் தெரிகிறது. பார்வையற்றோருக்காக 1976-இல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ரே கர்ஸ்வைல் அறிமுகப்படுத்திய, அச்செழுத்தை உரக்கப் படிக்கும் வாசிப்புப் பொறி, மேசையை அடைக்கும் அளவுக்குப் பெரியது. இன்று அந்த வேலையைக் கைப்பேசி செய்கிறது. காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் பெரும்பாலும் குறையில்லாதவர்களுக்கு, இருபது பக்க அறிக்கையை இன்று மாலைக்குள் முடிக்க வேறு வழியில்லை. இதைக் குறுக்குவழி என்று ஏளனம் செய்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. எனினும் கையெழுத்தில் கிடைக்கும் குறிப்பிலும், நிரப்பவேண்டிய படிவத்திலும் செயலி தடுமாறும். கேட்டுக்கொண்டே இருப்பதால் மட்டும் எழுத்துக்கூட்டும் திறன் வளர்ந்துவிடாது. திரையில் ஓடும் வரியைக் கண் தொடர்வதுபோல் தோன்றினாலும், உழைப்பது காதுதான்.

ஆகவே அடுத்த மாதம் தேர்வோ, நாள்தோறும் மின்னஞ்சல் குவியும் வேலையோ இருப்பவர் செயலியிலிருந்து தொடங்குவதே சரி. யாருடைய உதவியுமின்றி ஒரு கடிதத்தைப் பிரித்துப் படிக்க விரும்புபவருக்குப் பயிற்சிதான் வழி, அது மாதக்கணக்கில் நீண்டாலும். இரண்டையும் வைத்துக்கொள்ள முடிந்தவர் வரிசையில் கவனமாக இருக்கவேண்டும்: முதலில் தாமே வாய்விட்டு வாசிக்க வேண்டும், பிறகுதான் குரலைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். மேலே சொன்னவர் இப்போது அப்படித்தான் செய்கிறார். குரல் ‘வில்லை’ என்று முடிக்கும்போது நிறுத்திவிட்டு, அச்சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளுக்கு விரல்நகத்தை நகர்த்தி, மறுபடியும் கூட்டுகிறார்.