வெலிங்டன் நடைப்பயணம்: மலைச்சாலையில் காங்கோவும் இலங்கையும்

குன்னூரில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் சனிக்கிழமைதோறும் நடத்தும் மூன்று மணி நேர நடைப்பயணத்தில் சென்ற மாதம் கலந்துகொண்டேன். கட்டணம் ஆளுக்கு 600 ரூபாய். வெலிங்டன் ரயில் நிலையத்தில் தொடங்கி, மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தின் வெளிச்சாலை வழியாகச் சென்று பெட்ஃபோர்டில் ஒரு தேநீர்க் கடையில் முடிகிறது. முகாமுக்குள் அனுமதி இல்லை என்பதை முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும்; பாராக்ஸைப் பார்க்கலாம் என்று நம்பி வந்த இருவருடைய முகம் அங்கேயே வாடிவிட்டது.

1758இல் தொடங்கும் ரெஜிமென்ட் வரலாற்றை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, வழிகாட்டி ஐ.நா. அமைதி காக்கும் பணிகளுக்கு வந்துவிடுகிறார். எல்லையிலேயே ஆபத்து இருக்கும்போது அயல்நாட்டுக்கு ஏன் படை அனுப்ப வேண்டும் என்று கோவையிலிருந்து வந்திருந்த மாணவர் கேட்டதற்கு, அவர் 1962ஐ எடுத்துக்கொண்டார். அக்டோபரில் சீனா தாக்கியபோது பல பட்டாலியன்கள் கொண்ட நம்முடைய 99ஆவது பிரிகேட் ஐ.நா. பணிக்காகக் காங்கோவில் இருந்தது. 4ஆவது மெட்ராஸ் பட்டாலியனும் அதில் அடக்கம். ஐ.நா.வுக்காகச் சென்றிருந்த கான்பெரா குண்டுவீச்சு விமானங்களை இந்தியா திரும்ப அழைத்துக்கொண்டது, ஆனால் பிரிகேட் அங்கேயே நின்று, அந்த ஆண்டு இறுதியில், காங்கோவிலிருந்து பிரிந்து நின்ற கட்டாங்கா மாகாணத்தில் போரிட்டது. வெப்பநாட்டில் இருந்த காலாட்படையைப் பனிமலைக்கு ஏற்றியிருந்தாலும் பயனில்லை, நமக்கு அங்கே குறைவாக இருந்தவை சாலையும் கம்பளி உடையும் குளிருக்குப் பழகிய உடலும்தான் என்பது அவருடைய வாதம். எனக்கு இது பாதிதான் ஏற்புடையது. பழகாத உடலோடுதான் பல பட்டாலியன்கள் அன்று மலையேற்றப்பட்டன. கையிருப்பில் இன்னொரு பிரிகேட் இருந்திருந்தால் அவற்றில் சிலவற்றுக்காவது அவகாசம் கிடைத்திருக்கும்.

பணத்துக்காகத்தான் ஆள் அனுப்புகிறோம் என்ற பேச்சை அவர் தெளிவாக மறுத்தார். 2018இல் ஐ.நா. வீரர் ஒருவருக்கு நிர்ணயித்த மாதம் 1,428 டாலர் என்பது படை அனுப்பும் அரசுக்குச் சேரும் தொகையேயன்றி வீரருடைய சம்பளம் அன்று என்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

குறை என்றால் இலங்கைதான். பந்தலூரிலிருந்து வந்திருந்த அம்மையாரின் குடும்பம், சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்து, தமிழக அரசின் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டத்தில் குடியேறியது. 1987இல் சென்ற இந்திய அமைதி காக்கும் படையைப் பற்றி அவர் கேட்டபோது, அது ஐ.நா. பணி அன்று என்ற ஒரே விடையோடு வழிகாட்டி நடையைத் தொடர்ந்தார். ஐ.நா.வின் நீலத் தொப்பி அணியாமல் போன அந்தப் படையில்தான் 1,100க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1989இன் இறுதியில் காஷ்மீர் கொந்தளித்தபோதும் அதன் ஒரு பகுதி இலங்கையிலேயே இருந்தது. வெளிப்பணியா, வீட்டுக் காவலா என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை என்பதால் எனக்கு எரிச்சலே வந்தது.

தேநீரும் வர்க்கியும் கட்டணத்தில் அடங்கும். மற்றவர்கள் கிளம்பிய பிறகு வழிகாட்டி அம்மையாரிடம், 1988இல் தாம் வவுனியாவில் இருந்ததாகவும், அதை நடந்துகொண்டே பேச முடியாது, உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். அடுத்த குழு அழைத்ததால் எழுந்து போய்விட்டார். அப்படி உட்கார்ந்து பேசும் ஒரு மணி நேரத்தையும் சேர்த்தால் 1,000 ரூபாய் கொடுத்தும் வருவேன். குடை கொண்டுபோங்கள், அவர்கள் தருவதில்லை.