நூற்றுக்கணக்கான எக்ஸ்எம்எல் கோப்புகள், ஒரே கேள்வி: எதைக் கொண்டு தேடுவது?

ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தது 1860 நவம்பர் 16 அன்று. அன்றிலிருந்து 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகளின் பதிவுகளை, கப்பலுக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக (ஒவ்வொரு விவரத்துக்கும் பெயர்க்குறி போட்ட உரைக்கோப்பு), டர்பனின் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் சிலர் தட்டச்சு செய்து வருகிறோம். ஆளின் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர். எல்லாம் ஆங்கில எழுத்தில். "எங்க கொள்ளுத்தாத்தா பேர் முனுசாமி, வட ஆற்காடு, எந்தக் கப்பல்னு பாருங்கண்ணா" என்று ஒருவர் கேட்டால், அத்தனை கோப்பையும் ஒரே மூச்சில் பார்த்தாக வேண்டும்.

உரையில் சொல்லைத் தேடும் கிரெப் கட்டளை வேகமானது, ஆனால் அதற்கு வரி மட்டும்தான் தெரியும். முனுசாமி வந்தவரா, வந்தவரின் தகப்பனா என்று சொல்லாது. எக்ஸ்எம்எல் கோப்புகளுக்கான கட்டளைக் கருவி எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட் அதைச் சொல்லும், கோப்பின் பெயரையும் காட்டும். ஒற்றைக் கேள்விக்குப் போதும். அதன் கேள்வி மொழி, எக்ஸ்எம்எல்லில் இடத்தைச் சுட்டும் எக்ஸ்பாத்தின் பழைய 1.0 பதிப்பு என்பதால் கேள்வி கொஞ்சம் சிக்கலானாலே கை வலிக்கும்.

உண்மையான போட்டி சாக்ஸனுக்கும் பேஸ்எக்ஸுக்கும்தான். இரண்டும் ஜாவாவில் ஓடும் மென்பொருள்கள், இரண்டிலும் எக்ஸ்எம்எல்லுக்கான முழுக் கேள்வி மொழியான எக்ஸ்குவரி 3.1 உண்டு. சாக்ஸனின் இலவசப் பதிப்பில் கோப்புறையைக் காட்டி, உட்கோப்புறைகளையும் சேர்த்துக்கொள் என்றால் எல்லாமே ஒரே தொகுப்பாகிவிடும். தரவுத்தளம் வேண்டாம், இப்போது திருத்திய கோப்பு அடுத்த தேடலிலேயே தெரியும். விலை என்னவென்றால், ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்பையும் முதலிலிருந்து படிக்கும்.

பேஸ்எக்ஸ் ஒரு தரவுத்தளம். கோப்புகளை ஒருமுறை படித்து, எது எங்கே என்று அட்டவணை (இன்டெக்ஸ்) போட்டுவைத்துக்கொள்ளும். சொல் சொல்லாகத் தேட உதவும் முழு உரை அட்டவணையை மட்டும் நாம் கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் பதில் சட்டென்று வரும். மடிக்கணினியிலேயே ஓடுவதால் லோட் ஷெடிங்கில் வைஃபை போனாலும் வேலை நிற்காது. கோப்பைத் திருத்தினால் மறுபடி ஏற்ற வேண்டும். மறந்தால் பழைய பதில்தான்.

பேஸ்எக்ஸின் தோராயத் தேடலை நம்பி நிறையப் பேர் வருவார்கள். முனுசாமியின் இன்னொரு எழுத்துக்கூட்டலான மூன்சாமியில் 'எம்' ஒன்றா இரண்டா (Moonsamy, Moonsammy) என்பதை அது பிடித்துவிடும். ஆனால் ஆங்கில எழுத்தில் முனுசாமிக்கும் (Munusamy) மூன்சாமிக்கும் மூன்று எழுத்து வித்தியாசம். எட்டெழுத்துப் பெயருக்கு அது பொறுப்பது இரண்டு பிழை. எல்லையைக் கூட்டலாம், கூட்டினால் சம்பந்தமில்லாத சாமிகளெல்லாம் வரிசையில் வந்து நிற்பார்கள். ஒரே பெயரின் பல எழுத்துக்கூட்டல்களைத் தனி எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதிவைத்து, தேடும்போது அதோடு இணைப்பதே உருப்படியான வழி. இந்த இணைப்பை எக்ஸ்குவரி சில வரிகளில் முடிக்கும். சாக்ஸனிலும் அதே வரிகள் கிட்டத்தட்ட அப்படியே ஓடும்.

எக்ஸிஸ்ட் டிபி என்ற இன்னொரு எக்ஸ்எம்எல் தரவுத்தளம், பதிவுகளை வலைத்தளமாகப் போடுபவர்களுக்கு. எந்தப் புலத்துக்கு அட்டவணை என்று தனியே எழுதித் தர வேண்டும். வீட்டில் உட்கார்ந்து தேட அது அதிகப்படி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஏற்கெனவே வேலை செய்பவர்கள், எக்ஸ்எம்எல்லை வரிசைகளாக மாற்றித் தரும் எக்ஸ்எம்எல் டேபிள் வசதியைப் பார்க்கலாம். 10-ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. அங்கேயும் எக்ஸ்பாத் 1.0தான்.

எங்கள் ஏற்பாடு இதுதான்: தட்டச்சு நடக்கும் கப்பல்களுக்குச் சாக்ஸன், சரிபார்த்து முடித்தவைக்குப் பேஸ்எக்ஸ். எதைப் பிடித்தாலும், கோப்பில் நேம்ஸ்பேஸ் (பெயர்க்குறிகள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்ற அறிவிப்பு) இருந்து கேள்வியில் இல்லாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, பதிலும் வராது. ஆள் இல்லை என்று கேட்டவரைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அதைப் பாருங்கள்.